திருடிய கலத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பெரியவர்

விண்வெளிக் கதைகளில் எனக்கு அலுக்காத ஒரு வகை உண்டு. நரைத்துப்போன பழைய குழு. ஒருவர் தோட்ட வேலையில் இருப்பார், இன்னொருவர் மூட்டுவலியோடு பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருப்பார். எங்கோ ஒரு கோளில் பழைய கூட்டாளி சிறைப்பட்டுக் கிடக்கிறான் என்று தகவல் வரும். மேலிடம் கைவிரித்துவிடும். இவர்கள் துருப்பிடித்த கப்பலைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். லாஜிக் பார்த்தால் ரசிக்க முடியாது.

2014ல் இது கிட்டத்தட்ட நிஜமாகவே நடந்தது. யாரும் கப்பலேறிப் போகவில்லை, சிக்கிக் கிடந்த நண்பனும் மனிதன் இல்லை. ஐஎஸ்இஇ-3 என்ற பழைய விண்கலம் அது. மற்றபடி நரைத்த தலை, கைவிரித்த மேலிடம், கடைசி நேரப் பரபரப்பு எல்லாம் இருந்தன.

1978 ஆகஸ்டில் நாசா அனுப்பிய கலம். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில், நம்மிடமிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 என்று, இரண்டின் இழுப்பும் சமன்பட்டு ஒரு கலம் நிலையாகச் சுற்ற வசதியான ஒரு புள்ளி இருக்கிறது. அதைச் சுற்றி, ஒளிவட்டம் போன்ற ஒரு ‘ஹாலோ’ பாதையில் ஓடிய முதல் கலம் இதுதான். நம் ஆதித்யா எல்1 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்ததும் அந்த வகைப் பாதையில்தான். அப்படி ஒரு பாதை சாத்தியம் என்று 1960களிலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் ராபர்ட் ஃபார்க்கர்.

நாசாவில் கலங்களுக்குப் பாதை வகுத்த இந்த மனிதர் ஒரு சுவாரசியமான ஆள். 1986ல் ஹாலி வால்மீன் வரப்போகிறது. ரஷ்யா, ஐரோப்பா, ஜப்பான் எல்லோரும் கலம் அனுப்புகிறார்கள், அமெரிக்காவிடம் பணமில்லை. ஃபார்க்கர் பார்த்தார். எல்1ல் சூரியக் காற்றை அளந்துகொண்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்த இந்தக் கலத்தை 1982ல் அங்கிருந்து கிளப்பிவிட்டார். நிலாவின் ஈர்ப்பைப் பிடித்து ஐந்து முறை வீசி எறிந்தார். கடைசி முறை, 1983 டிசம்பரில், நிலாத் தரைக்கு மேல் வெறும் 120 கிலோமீட்டர் உயரத்தில் கலம் கடந்தது. 1985 செப்டம்பர் 11 அன்று ஜியாகோபினி-சின்னர் என்ற வால்மீனின் வாலுக்குள் புகுந்து வெளியே வந்தது. வால்மீனை நெருங்கிய முதல் விண்கலம். கேமரா கிடையாது, அதனால் படமும் கிடையாது. இதன் பெயர் வெளியே பரவாமல் போனதற்கு அதுவே பாதிக் காரணம் என்பது என் சந்தேகம்.

சூரிய ஆய்வாளர்கள் சிலருக்குக் கடும் கோபம். எங்கள் கலத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். ஃபார்க்கர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். 1986ல் சின்னச் சின்ன உந்துதல்கள் கொடுத்து, 2014 ஆகஸ்டில் கலம் பூமி, நிலா பக்கம் தானாகத் திரும்பி வரும்படி பாதையை அமைத்துவிட்டார். 28 வருடம் கழித்து! அப்போது அவருக்கு 53 வயது. கலம் வரும்போது தான் இருப்போமா என்றுகூட யோசிக்காமல் திரும்பி வரும் தேதியைக் குறித்துவைத்த அந்தத் துணிச்சலுக்கு நான் அடிமை.

கலம் சொன்னபடி வந்தது. தரையில்தான் யாரும் தயாராக இல்லை.

1997ல் நாசா திட்டத்தை மூடியது. 1999ல் இந்தக் கலத்தோடு பேசப் பயன்பட்ட ஒலிபரப்பிகளைக் கழற்றிவிட்டார்கள். 2008ல் போகிற போக்கில் ஆன்டெனாவைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தால், கலம் இன்னும் சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கேட்க முடிந்தது, பதில் சொல்ல வழியில்லை. அதைச் சிறைவாசம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? பூட்டியவர்களே சாவியையும் உருக்கிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐஎஸ்இஇ-3ல் கணினியே கிடையாது. கட்டளை போனால் செய்யும், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு எந்த வால்வு திறக்கும், எந்த எழுத்துக்கு எந்தக் கருவி விழிக்கும் என்பதெல்லாம் தரையில், ஆட்களின் தலைக்குள்ளும் தட்டச்சுத் தாள்களிலும் இருந்தது. ஆக அதன் மூளை பூமியில் இருந்தது. கலத்துக்கு 36 வயது ஆகியும் உயிர் இருந்தது, மூளையைத்தான் நாம் சிதறடித்துவிட்டோம்.

2014ல் நாசா கணக்குப் பார்த்துக் கைவிரித்ததும், டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் என்ற இருவர் களத்தில் இறங்கினார்கள். பொதுமக்களிடம் திரட்டிய பணம் ஏறத்தாழ 1,60,000 டாலர். அலுவலகம், கலிஃபோர்னியாவில் நாசா ஏம்ஸ் வளாகத்துக்குள் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை. (இதை ஒரு திரைக்கதையில் எழுதியிருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம்.) 81 வயது ஃபார்க்கரும் கூட நின்றார். பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார்கள். இல்லாத ஒலிபரப்பியை மென்பொருளாலேயே உருவாக்கினார்கள். மே 29 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ஆன்டெனா வழியாகக் கட்டளை போனது. கலம் பதில் சொன்னது. நாசா கைவிட்ட ஒரு கலத்துக்குத் தனியார் குழு கட்டளையிட, நாசாவே ஒப்பந்தம் போட்டு அனுமதித்தது அதுதான் முதல் முறை.

ஜூலை 2ல் உந்திகளை எரியவிட்டுப் பார்த்தார்கள், 1987க்குப் பிறகு முதன்முறையாக. வேலை செய்தது. ஜூலை 8ல், பாதையை மாற்றவேண்டிய பெரிய உந்துதலின்போது கை கொடுக்கவில்லை. எரிபொருளை அழுத்தித் தள்ளவேண்டிய நைட்ரஜன் வாயு தீர்ந்துபோயிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 10ல் கலம் நிலாவைக் கடந்து தன் வழியே போனது. செப்டம்பரில் தொடர்பும் அறுந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஃபார்க்கரும் காலமானார்.

இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் எல்லோரும் ‘வயது ஒரு எண்தான்’ என்று ஒரு வரி போட்டு முடிக்கிறார்கள். எனக்கு அங்கேதான் எரிச்சல் வருகிறது. அந்தப் பெரியவர்களின் விடாப்பிடி உண்மை, கைதட்டலாம். ஆனால் அவர்கள் ஏன் வரவேண்டியிருந்தது? ஒரு நிறுவனம் தன் நினைவை ஒழுங்காக வைத்திருந்தால், 2014ல் கலம் வரும் என்று 1986லேயே தெரிந்த ஒரு விஷயத்துக்கு, மூடிப்போன பர்கர் கடையில் உட்கார்ந்து உண்டியல் குலுக்கியிருக்க வேண்டாமே. கிழட்டுச் சிங்கங்களின் சாகசம் என்று நாம் ரசிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் அலட்சியம் ஒளிந்துகொண்டிருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஆலையில் ஒரு பாய்லர் ஆபரேட்டர் ஓய்வு பெற்றார். சால்வை, மாலை, சுவர்க் கடிகாரம், குரூப் போட்டோ. கொஞ்ச நாளிலேயே இரவு நேரத்தில் அவருக்குப் போன் போனது: “அண்ணே, அந்தப் பழைய லைன் வால்வ் எந்தப் பக்கம் திறக்கும்?” அவரும் சலிக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் அவரை மெச்சினார்கள். முப்பது வருடம் கூடவே இருந்தும் அதை எழுதி வாங்கத் தோன்றாத நிர்வாகத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாசாவைத் திட்டுவது சுலபம் என்று யாராவது வருவீர்கள். சரி, அங்கேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. 2023 நவம்பரில் வாயேஜர் 1 என்ற பழைய விண்கலம் திடீரென்று அர்த்தமில்லாத தரவுகளை அனுப்ப ஆரம்பித்தது. ஒரு நினைவகச் சிப் பழுது. 2,400 கோடி கிலோமீட்டர் தூரம், கட்டளை போய்ப் பதில் வர இரண்டு நாள். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களைப் புரட்டி, நிரல்களைத் துண்டுதுண்டாக வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் அதைப் பேசவைத்தார்கள். காரணம், வாயேஜர் குழுவை அவர்கள் ஒருபோதும் முழுசாகக் கலைக்கவில்லை. சின்னதாகவாவது வைத்திருந்தார்கள். பழையவர்கள் இருக்கும்போதே புதியவர்கள் உள்ளே வந்தார்கள்.

பணம் மிச்சம் பிடிக்கத்தான் மூடினார்கள் என்பது புரிகிறது. அறிவியலுக்கு ஒதுக்கும் காசு எப்போதும் இழுபறிதான். பேசுவதற்கான கருவிகளைக் கழற்று, ஆட்களை அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அனுப்பும் முன் ஓர் ஆறு மாதம் ஓர் இளைஞரை அவர்கள் பக்கத்தில் உட்காரவைக்க என்ன செலவாகிவிடும்? இங்கே அரசு அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் அப்படி யாராவது உட்காரவைக்கிறார்களா, சொல்லுங்கள்.