கஞ்சி ஊட்டினால் கணக்கு முடிந்ததா?

சனிக்கிழமை இரவு அந்தத் தமிழ்த் தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கும். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கல்யாணத்தில் முடித்தாலும் சரி, கருமாதியில் முடித்தாலும் சரி, எனக்கு வழக்கில்லை. இத்தனை வருடம் எதைக் காட்டுவதாகச் சொல்லி எங்களை உட்கார வைத்தீர்களோ, அதைக் காட்டிவிட்டு முடியுங்கள். மூத்த மருமகளை ஏமாற்றிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய மனிதர், அவள் முகத்தைப் பார்த்து "நான் செய்தது தவறு" என்று சொல்ல வேண்டாமா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், ஆஸ்பத்திரியில் கண் விழித்தார், திருந்திவிட்டார். அவளே அவருக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். அடுத்த காட்சியில் எல்லோரும் பட்டுடுத்திக் குடும்பப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுபமாம்!

சிங்கப்பூரில், அங் மோ கியோ வீட்டில் அம்மாவோடு சேர்ந்துதான் பார்த்தேன். வீட்டில் வேலை செய்யும் மியன்மார் தங்கை தமிழ் பழகியதே இந்தத் தொடரில்தான். துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "அவர் அக்காவிடம் மன்னிப்பே கேட்கவில்லையே, பாட்டி?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மடியிலேயே இருந்த ரிமோட்டை சோபாவில் தேடினார். பெரியப்பா வாங்கிய கையெழுத்து ஒன்று எங்கள் குடும்பத்திலும் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை.

"ரேட்டிங் விழுந்திருக்கும், சேனல் முடிக்கச் சொல்லியிருக்கும், இயக்குநர் என்ன செய்வார்?" என்பீர்கள். 'எதிர்நீச்சல்' தொடரில் குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023இல் திடீரென்று மறைந்தார். அதற்குப் பிறகு அந்தக் கதை எப்படிப் போயிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வளைகாப்புக்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்கியவர்களுக்கு ஒரு மன்னிப்புக்கு அரை நிமிடம் கிடைக்கவில்லையா?

பழிவாங்கும் காட்சியையும் நான் கேட்கவில்லை. 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடர் 2013இல் முடிந்தபோது, போதைப்பொருள் தயாரித்ததெல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்று கடைசிவரை சாதித்த நாயகன் வால்டர் வைட், மனைவியின் எதிரில் நின்று "எனக்காகத்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொள்வான். அவன் செத்ததைவிட அதுதான் என் மனதில் நிற்கிறது. ஒப்புக்கொண்டானே!

நேற்றைய பதிவில் "சீரியலுக்கா இவ்வளவு கோபம்?" என்று சிரிப்புப் பொம்மை போட்ட அண்ணன்மார்களே, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரின் கடைசிப் பருவத்தை மறுபடி எடுக்கச் சொல்லி 2019இல் 10 லட்சம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்களே, அவர்களைப் பார்த்தும் சிரித்தீர்களா? டிராகன் பறந்தால் ரசனை, மாமியார் வந்தால் ஒப்பாரியா? உங்கள் அம்மாக்கள் இரவு எதைப் பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்று ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுண்டா?

"வயதானவர், திருந்திவிட்டார், போகட்டும்" என்று ஒரு தோழி உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். திருந்தியது யாருக்குத் தெரியும்? அவளிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பின்னூட்டத்தில் "விட்டுக்கொடுத்துப் போவதுதான் குடும்பம்" என்று எழுதக் கை பரபரப்பவர்கள் தயவுசெய்து எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.