அன்டனாவைக் கழற்றுவதற்கு முன்

மட்டக்களப்பு நகரிலும் கல்லடியிலும் கூரைகளுக்கு மேல் நின்ற அன்டனாக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. மாலை நாடகத்தைக்கூட இளையவர்கள் தங்களுக்கு வசதியான வேளையில் யூரியூப்பில் பார்த்துக்கொள்கிறார்கள். இதை நான் குறை கூறமாட்டேன்; வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் போய் வருபவர்கள் ஒளிபரப்பு நேரத்துக்காக ஓடிவர வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் இந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கின. பெட்டியை வாங்கி அன்டனாவை உயர்த்திக் கட்டியவர் எத்தனை மணிநேரம் பார்த்தாலும், பார்த்த நேரத்துக்கென்று பணம் கட்டவில்லை. கோபுரத்திலிருந்து புறப்படும் அலையை நூறு வீடு பெற்றாலும் பத்தாயிரம் வீடு பெற்றாலும் நிலையத்துக்குச் செலவு ஒன்றுதான். இணையத்திலோ காட்சி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பப்படுகிறது. அதற்கான டேட்டாவைப் பார்ப்பவரே வாங்க வேண்டும். உயர் தெளிவில் ஒரு மணிநேரத்துக்கு 3 ஜிபி வரை செலவாகும் என்று நெற்ஃபிளிக்ஸ் நிறுவனமே கூறுகிறது. அப்படியானால் இரண்டரை மணிநேரத் தமிழ்ப் படம் ஒன்று ஏழரை ஜிபி வரை விழுங்கும். தளத்தின் மாதச் சந்தா வேறு. ஃபைபர் இணைப்புள்ள வீட்டுக்கு இது பொருட்டல்ல. வவுணதீவிலோ கொக்கட்டிச்சோலையிலோ கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் ரீலோட் செய்யும் டேட்டா, பிள்ளையின் படிப்புக்கும் மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயின் அழைப்புக்கும் சேர்த்தே போதவேண்டும்.

போர்க்காலத்தில் மின்சாரமில்லாத, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக் கிராமங்களில் வாகன பற்றரியில் ரிவியை ஓடவிட்டு, அயலவர் எல்லோரும் ஒரே வளவில் கூடிப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் அம்மம்மாக்கள் ரிமோட்டில் தாங்களாகவே செய்தியைப் போட்டுப் பார்ப்பார்கள். கடவுச்சொல் கேட்கும் திரையின் முன்னாலோ பேரப்பிள்ளை வரும்வரை காத்திருக்கிறார்கள்.

தமிழ் அலைவரிசைகளான சக்தி 1998இலும் வசந்தம் 2009இலும் வந்தபோது எங்கள் பேச்சும் எங்கள் ஊரும் திரையில் நிறைய இடம்பெறும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கை அரைகுறையாகவே நிறைவேறியது. இந்த விடயத்தில் இணையம் செய்த உதவியை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில் முன்றலில் விடியவிடிய ஆடப்படும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளை ஊர் இளைஞர்கள் கைபேசியில் நேரலையாக விடுகிறார்கள். சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் உள்ள உறவுகள், களரியில் ஆடும் தம்பியையோ மருமகனையோ பெயர் சொல்லி வாழ்த்தி உடனுக்குடன் எழுதுகிறார்கள். எந்தத் தொலைக்காட்சியும் ஒரு கூத்துக்கு ஓர் இரவு முழுவதையும் கொடுத்ததை நான் கண்டதில்லை. ஆயினும் அந்தப் பதிவுகளில் வெளிச்சம் போதாது. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பாட்டு ஒலிபெருக்கியின் இரைச்சலில் அமிழ்ந்துவிடுகிறது. இளைஞர்கள் தங்கள் கைக்காசில் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

பொதுப்பணத்தில் உருவான அலைவரிசைகளுக்குக் கருவியும் கலைஞரும் உண்டு. அரச தமிழ் அலைவரிசைகளான நேத்ராவும் வசந்தமும் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர்களோடு சேர்ந்து இக்கூத்துகளை முழுமையாகப் பதிவுசெய்ய வேண்டும். அவற்றை அன்டனா வழியே ஒளிபரப்புவதோடு, குறைந்த டேட்டாவில் பார்க்கக்கூடிய வடிவிலும் இணையத்தில் இலவசமாக வைக்க வேண்டும். ஊடக அமைச்சைச் சந்திக்கும் எமது மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.