சனி, ஞாயிறுகளில் மட்டும் பயணம் போகிறவன் சொல்வது

கடந்த வாரம் மதுரையில் நடந்த நூல் வெளியீட்டு விழாவில், "சம்பளத்தையும் விடமாட்டார்கள், சனி ஞாயிறு ஊர் சுற்றிவிட்டுப் பயண எழுத்தாளர் என்றும் சொல்லிக்கொள்வார்கள்" என்று மேடையில் ஒருவர் பேசியதையும், அதற்கு எழுந்த கைதட்டலையும் அங்கிருந்த நண்பர்கள் அறிவார்கள். மூன்று நாள்கள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை.

நான் பத்தொன்பது ஆண்டுகளாக வங்கி எழுத்தர். 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறையாயின. அதற்கு முன்பு சனிக்கிழமைகளில் அரை நாள் வேலை இருந்தது. என் கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்த இரட்டை விடுமுறைகளில் பிறந்தவை. இதை ஒரு குறையாக நான் எண்ணியதே இல்லை. வேலை பார்ப்பது எழுத்துக்கு இழுக்கு அல்ல.

மதுரைக்கு அருகே, மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்தின் ஓவாமலைக்கு முதன்முறை நடுப்பகலில் ஏறியபோது, குகையின் நெற்றியில் வெட்டப்பட்ட, தமிழின் பழைய எழுத்துமுறையான தமிழ் பிராமி எழுத்துகளில் ஒன்றுகூட என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை மழை விரட்டியது. டார்ச் வெளிச்சத்தைப் பாறையை ஒட்டிச் சாய்த்து வீசினால்தான் வெட்டின் விளிம்பில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும் என்பதை மூன்றாம் முறைதான் கற்றுக்கொண்டேன். முழுநாளும் என்னுடையதாக இருந்திருந்தால், முதல் நாளே நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பேன். நேரம் இல்லாததால்தான் ஒரே மலைக்கு நான்கு முறை போனேன். நான்கு முறை போனதால்தான் அந்தக் கட்டுரையை எழுத முடிந்தது.

அங்கே கணி நந்தாசிரியன் என்ற சமணத் துறவிக்குப் பள்ளி, அதாவது உறைவிடம், அமைத்துக் கொடுத்தவன், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனிடம் பணியாற்றிய கடலன் வழுதி என்று கல்வெட்டு சொல்கிறது. அவனும் ஒருவரிடம் வேலை பார்த்தவன்தான். இத்தகைய கல்வெட்டுகளை நமக்கு வாசித்துத் தந்தவர்களில் முதன்மையானவரான ஐராவதம் மகாதேவன், 1980 வரை இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர்; தமிழ் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை 1966-இல், பணியில் இருந்தபோதே, வெளியிட்டார். அவரையும் ஓய்வு நேரத்து ஆய்வாளர் என்று அந்த மேடை ஒதுக்கிவிடுமா?

"இரண்டு நாளில் ஓர் ஊரை அறிய முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முடியாது. இமயமலைக் கிராமங்களைப் பற்றி நான் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி, வரிச்சியூர் என்று இருசக்கர வண்டி போய்த் திரும்பும் தூரத்தில் இருப்பவற்றை மட்டுமே எழுதுகிறேன். "அப்படியானால் வேலையை விடத் துணிவில்லை என்று ஒப்புக்கொள்" என்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. வீட்டுக் கடனின் மாதத் தவணையை நான்தான் கட்டுகிறேன். அம்மாவின் மருந்துச் சீட்டை நான்தான் கடைக்குக் கொண்டுபோகிறேன். இத்தனை ஆண்டுகளில் பயணக் கட்டுரைகளுக்கு எனக்குக் கிடைத்த தொகை, அவற்றுக்காகப் போட்ட பெட்ரோலுக்கே போதாது. துணிவைப் பற்றிப் பேசுகிறவர்கள், தங்கள் வீட்டில் அரிசி வாங்கியவர் யார் என்பதையும் மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையில் என்னைச் சுட்டது அந்தச் சொல்கூட அல்ல. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் காசாளர் கூண்டில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, ஞாயிறு இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் தூங்காமல் காத்திருந்து சோறு போட்டவள் என் மனைவி. பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பா வராத சனிக்கிழமைகளை முகம் சுளிக்காமல் விட்டுக்கொடுத்தவள் என் மகள். நான் மலையில் செலவிட்ட நேரம் அலுவலகத்திடமிருந்து வந்ததில்லை, இவர்களிடமிருந்து வந்தது. அன்று மூன்றாவது வரிசையில் இருவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டியில் கோரிப்பாளையம் தாண்டியதும் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "ஏப்பா, அவர் உங்களையா சொன்னாரு?"

"இல்லம்மா" என்றேன்.