பேரி சாண்டர்ஸிடம் மோதிரம் இல்லை, அதனால் என்ன?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடுவதில் யார் பெரியவர் என்று டல்லஸ் அணியின் எம்மிட் ஸ்மித் ரசிகர்களிடம் வாயைக் கொடுத்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் அவர் மோதிரம் வாங்கிய மூன்று சூப்பர் பவுலில்தான், அதாவது லீக்கின் இறுதிப்போட்டி வெற்றிகளில்தான், வந்து நிற்கும். 18,355 கெஜம், எதிரணியின் கோல் லைனைத் தாண்டி ஓடியே அடித்த 164 டச்டவுன். என்எஃப்எல் என்கிற அந்த லீக்கின் வரலாற்றில் அவரை விட அதிக கெஜம் ஓடியவர் கிடையாது. சரி, யார் மறுத்தார்கள்? ஆனால் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது என்கிற அந்த ஒரு வேலையில், டெட்ராய்ட் லயன்ஸின் பேரி சாண்டர்ஸுக்கு மேலே நான் யாரையும் வைக்க மாட்டேன்.

எம்மிட் 15 சீசன் ஆடினார், ஓட்டத்துக்குச் சராசரி 4.2 கெஜம். பேரி ஆடியது பத்தே சீசன். 15,269 கெஜம், சராசரி 5. பத்திலும் ஆயிரத்தைத் தாண்டினார். எம்மிட்டுக்குப் பக்கத்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக ட்ராய் எய்க்மேன், அதைப் பிடிக்க மைக்கேல் இர்வின். பேரியோடு ஆடிய குவார்ட்டர்பேக்குகளின் பெயர்களை லயன்ஸ் ரசிகர்களே யோசித்துத்தான் சொல்வார்கள். (முன்னால் நின்று வழி திறக்கும் லைன்மேன்கள் மோசமில்லை. லோமஸ் பிரவுனும் கெவின் குளோவரும் நல்ல ஆட்டக்காரர்கள்.)

1997ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து வெறும் 53 கெஜம். ஆள் முடிந்தார் என்று பேச ஆரம்பித்திருப்பார்கள். அப்புறம் மிச்சமிருந்த 14 ஆட்டத்திலும் வரிசையாக நூறுக்கு மேல். சீசன் முடிவில் 2,053. அக்டோபரில் டாம்பா பேயில், வாரன் சாப்பும் டெரிக் புரூக்ஸும் நின்ற தடுப்பை உடைத்து ஒரே ஆட்டத்தில் 80 கெஜம் ஒன்று, 82 கெஜம் ஒன்று என இரண்டு டச்டவுன். அதுவரை அப்படி யாரும் செய்ததில்லை.

மறுதரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பேரி பின்னால் ஓடி கெஜத்தைத் தொலைப்பார். 1994 சீசனின் பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்து வரும் நாக்-அவுட் சுற்றில், கிரீன் பே அணி அவரை 13 ஓட்டத்தில் மைனஸ் ஒரு கெஜத்தில் நிறுத்தியது. லயன்ஸ் 16-12 என்று தோற்றது. கோல் லைன் பக்கம் போனால் பயிற்சியாளரே அவரை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை அனுப்புவார். பேரி காலத்தில் லயன்ஸ் வென்ற ஒரே பிளேஆஃப், 1992 ஜனவரியில் டல்லஸுக்கு எதிரான 38-6. அதுகூட லயன்ஸ் குவார்ட்டர்பேக் எரிக் கிரேமர் 341 கெஜம் எறிந்து ஜெயித்தது. ஆனால் அதே ஆட்டத்தில் பேரியின் 47 கெஜ ஓட்டத்தைப் பாருங்கள். டல்லஸ் ஆட்கள் மொய்க்கிறார்கள், பிடித்தாயிற்று என்றே தோன்றும். ஒரு சுழல் சுழன்று அந்தக் கும்பலுக்குள்ளிருந்து தனியாக வெளியே வருவார். மூன்று கெஜம் போதும் என்று முட்டி விழுகிறவருக்கு அது வாய்க்காது. பின்னால் போய்த் தொலைத்த கெஜமெல்லாம் இதற்குக் கொடுத்த விலை.

அடுத்து, "பாதியில் ஓடிவிட்டார்" என்பார்கள். அன்றைக்கு அதிக கெஜம் ஓடியிருந்த வால்டர் பேட்டனின் சாதனைக்கு 1,457 கெஜம்தான் பாக்கி. 1999 ஜூலையில் சொந்த ஊர் விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு விலகினார். பயிற்சி முகாம் நெருங்கும் நேரத்தில் அணியைத் தவிக்கவிட்டது சரியில்லைதான். ஆனால் இது அந்த மனிதருக்குப் புதிதா? 1989ல், முதல் சீசனின் கடைசி ஆட்டத்தில், கிறிஸ்டியன் ஒகோயேவை முந்தி அந்த ஆண்டு ஓடிய கெஜத்தில் முதலிடம் பிடிக்கப் பதினோரு கெஜம் போதும். ஆட்டம் எப்படியும் கையில் இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று ஓரத்திலேயே நின்றுவிட்டார்.