மீனே இல்லாத தொட்டிக்கு ஐந்து வாரம் தீனி போட்டவள் சொல்கிறேன்

அந்தச் சனிக்கிழமை நடந்தது உங்களில் பாதிப்பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப்பேர் குடும்ப வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையும் வேண்டாம். தம்பி தன் மகள் பாப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய மீன்தொட்டி காலை பதினொரு மணிக்கு வந்தது. மதியம் தண்ணீர் நிரப்பி விளக்குப் போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினான்கு மீன்கள் உள்ளே. எட்டு நியான் டெட்ரா, நான்கு கப்பி, இரண்டு ஏஞ்சல். (ஏஞ்சல் வளர்ந்தால் நியானை விழுங்கிவிடும். அது தனி வயிற்றெரிச்சல், இன்று அதை எடுக்கவில்லை.) மறு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தது இரண்டு கப்பி.

இதில் நான் செய்த குற்றம், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே, "தம்பி, இன்னிக்கு மீனை விடாதே, ஒரு மாசம் போகட்டும்" என்று சொன்னது. "அக்கா, பாப்பா பிறந்தநாள் இன்னிக்குத்தான், அடுத்த மாசம் இல்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அன்று ராத்திரி சாப்பாடு முடிவதற்குள் எனக்கு 'மீன் போலீஸ்' என்று பெயரும் வைத்தாயிற்று.

சரி, போலீஸாகவே இருந்துவிட்டுப் போகிறேன். சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். தெளிந்த தண்ணீர் வேறு, பக்குவப்பட்ட தண்ணீர் வேறு. புதுத் தொட்டித் தண்ணீர் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். மீனை உயிரோடு வைத்திருக்கிற எதுவும் அதில் இன்னும் குடியேறியிருக்காது.

மீன் தன் அம்மோனியாவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே வெளியே விடுகிறது. மூச்சு விடுவது மாதிரி, நாள் முழுக்க. கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அதோடு சேரும். ஏரியில் இருக்கிற மீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தண்ணீர் அவ்வளவு இருக்கிறது. எண்பது லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? அங்கேயேதான் சுற்றும், செவுளை அரிக்கும். இந்த அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்ஸிஜன் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றினால்தான் மீன் பிழைக்கும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் பெரிதாக மிதந்துகொண்டிருப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டி வாழ்பவை. மெதுவாகத்தான் பெருகும். நான்கு வாரம், ஆறு வாரம், சில தொட்டிகளில் அதற்கு மேலும் ஆகும். மீன் வளர்க்கிறவர்கள் 'தொட்டி சைக்கிள் ஆகிவிட்டதா' என்று கேட்பது இதைத்தான். இது நான் கண்டுபிடித்தது இல்லை. செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர் 1890 வாக்கிலேயே இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். எங்கள் வீட்டுக்குத்தான் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

"குளோரினுக்குத்தான் சொட்டு மருந்து ஊத்தினேனே!" என்று தம்பி கேட்டான். ஊற்றினான், நானும் பார்த்தேன். நல்ல காரியம்தான். குழாய்த் தண்ணீரில் வருகிற குளோரின் அப்படியே இருந்திருந்தால் அன்று ராத்திரியே முடிந்திருக்கும். அந்த மருந்து குளோரினை எடுக்கும், பாக்டீரியாவைக் கொண்டுவந்து கொடுக்காது. வாசலைக் கூட்டிவிட்டால் வீடு கட்டி முடிந்ததாகிவிடுமா?

எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிறேன் என்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்டீர்களா?

என் முதல் தொட்டியில் பன்னிரண்டு நியான் விட்டேன். தொட்டி வந்த அன்றே, தம்பியைப் போலவேதான். தினமும் காலையில் விளக்கைப் போட்டு எண்ணுவேன். பன்னிரண்டு. பதினொன்று. ஒன்பது. அழுக்குதான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஸ்பாஞ்சை எடுத்துக் குழாயடியில் பிடித்து, பிழிகிற தண்ணீர் வெள்ளையாக வரும்வரை பிழிந்தேன். சரளையையும் அரிசி களைவது மாதிரி களைந்து போட்டேன். திருப்தியாகத் தூங்கினேன். மறுநாள் ஏழு. இப்படி நாலு தடவை கழுவினேன். அப்போதுதான் ஒட்டப் பார்த்த பாக்டீரியாவை நாலு தடவையும் குளோரின் தண்ணீரில் நானே அலசி விட்டிருக்கிறேன். கடைசி நியான் ஃபில்டர் தண்ணீர் விழுகிற மூலையில் மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செவுள் சிவந்து படபடவென்று அடித்தது. அந்த நீலக்கோடு சாயம் போன நூல் மாதிரி இருந்தது. நான் அதன் முன்னால் கையில் பிரஷ்ஷோடு நின்றேன், இன்னும் எதைத் தேய்க்கலாம் என்று.

அடுத்த முறை மீன் வாங்கவில்லை. ஃபில்டர் ஓட, ஹீட்டர் இருபத்தாறு டிகிரியில் நிற்க, வெறும் தண்ணீருக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். அது அழுகி அம்மோனியா ஆகட்டும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. (அம்மோனியாவையே அளந்து இரண்டு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு, அளவுக்கு விடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் சுத்தமான வழி.) வீட்டுக்கு வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு "மீன் எங்கேம்மா?" என்பார்கள். "இன்னும் வரலை" என்பேன். என் மாமியார் இரண்டு நாள் பேசாமல் கவனித்தார். மூன்றாம் நாள் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

இடையில் ஒரு வாரம் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. அதுவும் தானாகத் தெளிந்தது. தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட்டில் அம்மோனியா குழாய் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, அதாவது பூஜ்ஜியத்துக்கு, வர இரண்டு வாரம் பிடித்தது. நைட்ரைட் குழாய் ஊதாவிலேயே நின்றது, நிறம் மாறவே மாறாதோ என்று இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அட்டையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண் வலித்தது. ஐந்தாவது வாரக் கடைசியில் ஒருநாள் காலையில் இளநீலம், நைட்ரைட் இல்லை என்று அர்த்தம். உறுதிப்படுத்த அம்மோனியாவையே கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். இருபத்துநாலு மணி நேரத்தில் அம்மோனியாவும் பூஜ்ஜியம், நைட்ரைட்டும் பூஜ்ஜியம். அதன் பிறகு பாதித் தண்ணீரை மாற்றி, முதலில் நாலே நாலு மீன் விட்டேன். நாலும் இருந்தன.

இனி நீங்கள் கேட்கப்போவது. "நாங்கள் சின்ன வயதில் பாட்டிலில் மீன் வளர்க்கவில்லையா?" வளர்த்தோம். ஒரே ஒரு ஃபைட்டர், அது மேலே வந்து காற்றையே குடிக்கிற ஜாதி. தினமும் தண்ணீர் மாற்றினோம். அப்படியும் எத்தனை செத்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"பாக்டீரியா பாட்டிலில் கிடைக்கிறதே?" கிடைக்கிறது, சில நன்றாகவே வேலை செய்யும். வெயிலில் கிடந்து செத்துப்போன பாட்டிலும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். ஊற்றிவிட்டும் டெஸ்ட் பண்ணித்தான் ஆகவேண்டும். மீனை விட்டே சைக்கிள் பண்ணலாம் என்பதும் உண்மைதான். ஒன்றிரண்டு முரட்டு மீனை விட்டு, தினமும் சோதித்து, தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்கத் தெரிந்தவர்கள் செய்கிறார்கள். பதினான்கு மீனை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் அதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

"கேவலம் மீனுக்கா இவ்வளவு? நீ மீன் சாப்பிடுகிறவள்தானே?" ஆமாம், சாப்பிடுகிறேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சாப்பிடுகிற மீனை நான் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெயர் சூட்டி, ஒரு குழந்தையின் கையில் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகச் சாகவிட்டு வேடிக்கை காட்டவில்லை.

மீன் செத்ததுகூட இல்லை என்னைச் சுட்டது. "அக்காவுக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்கணும்" என்று அவன் சொன்னதும், அதற்கு யாருமே ஒன்றும் சொல்லாததும்தான். நான் சொன்னது மீனைப் பற்றி. நீங்கள் எல்லாரும் பேசியது என்னைப் பற்றி. செவ்வாய்க்கிழமை முதல் மூன்று செத்தபோது, கடையில் கொடுத்த மீனே சரியில்லை என்றான். வியாழக்கிழமை, மீனுக்கு ஆயுசே அவ்வளவுதான் என்றான். நியான் நன்றாக வைத்திருந்தால் ஐந்து வருஷம் இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. போலீஸ் விடுமுறையில் இருந்தது.

ஞாயிறு ராத்திரி பாப்பா போன் பண்ணினாள். "அத்தை, தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு?" எட்டு வயசுக் குழந்தை. நான் அன்று குழாயடியில் நின்று கேட்ட அதே கேள்வி. சுத்தமாத்தான் இருந்துச்சுடா என்று மட்டும் சொன்னேன்.

அந்த இரண்டு கப்பிகளும் இன்று காலைவரை உயிரோடுதான் இருக்கின்றன. தீனியைக் குறைத்து, குளோரின் எடுத்த தண்ணீரால் தினமும் கால்பங்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். தொட்டியைக் கொட்டிக் கழுவி முதலிலிருந்து தொடங்கப்போவதாகத் தம்பி சொன்னானாம். வேண்டாம். என் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, தொட்டித் தண்ணீரிலேயே போட்டு ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். பழுப்பாக, வழவழவென்று, பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். சாயங்காலத்துக்குள் வந்து வாங்கிப்போய் அப்படியே அவன் ஃபில்டரில் வைக்கட்டும். வழியில் காயவிடக் கூடாது. அழுக்காக இருக்கிறதே என்று குழாயில் அலசிவிட வேண்டாம் என்று உங்களில் யாராவது அவனிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான்.