எலியோடு நின்றுபோன எலும்பு

முனைவர் பட்டத்துக்காக நான் செய்த எலும்பு ஸ்கேஃபோல்ட் (புது எலும்பு பற்றி வளர உதவும் சட்டகம்) இன்னமும் ஏதாவது ஒரு டெசிக்கேட்டரில், அதாவது ஈரம் புகாத லேப் ஜாடியில், தூங்கிக்கொண்டிருக்கும். எலிக்கு எலும்பு வளர்ந்தது, கட்டுரை வந்தது, எனக்குப் பட்டமும் கிடைத்தது. நோயாளி ஒருவருக்குக்கூட அது போய்ச் சேரவில்லை. இந்தியாவில் திசுப் பொறியியல், அதாவது சேதமான திசுவை மீண்டும் வளர்க்கும் துறை, எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்த டெசிக்கேட்டர்தான் ஞாபகம் வருகிறது.

பணமில்லை என்பார்கள். உண்மைதான், நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதம்கூட ஆராய்ச்சிக்குப் போவதில்லை. செல் வளர்க்கத் தேவையான சீரம் இறக்குமதியாகி வந்து சேர்வதற்குள் செல்லுக்கு வயதாகிவிடும் என்பது எங்கள் லேபின் பழைய ஜோக். ஆனாலும் பழியை முழுக்கப் பணத்தின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தைப் பாருங்கள். ரசாயனம் பட்டுக் கருவிழி ஓரத்து ஸ்டெம் செல்கள் அழிந்துபோனவர்களுக்கு, நல்ல கண்ணிலிருந்து துளித் திசு எடுத்து லேபில் வளர்த்துப் பொருத்துவதை 2001-லேயே தொடங்கிவிட்டார்கள். அதற்குச் சுத்தமான அறை வேண்டும், பழகிய ஆள் வேண்டும், ஏறத்தாழ 2 வாரம் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அங்கே கண் மருத்துவராக இருந்த விரேந்தர் சங்வானும் சகாக்களும் 2012-ல் வெளியிட்ட முறையில் லேபே கிடையாது. எடுத்த திசுவைப் பொடிப்பொடியாக நறுக்கி, கண்மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் ஃபைப்ரின் என்ற ரத்தப் புரதப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். செல்கள் அங்கேயே வளர்ந்துகொள்கின்றன. நோயாளியின் கண்தான் இன்குபேட்டர்!

லேபிலேயே கிடந்த எனக்கு இது ஏழு ஜென்மத்திலும் தோன்றியிருக்காது. தினமும் ஓ.பி. பார்க்கிறவருக்குத்தான் தோன்றும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும் மருத்துவமனையும் கருவிகள் உருவாக்கும் பிரிவும் ஒரே நிறுவனம். அவர்களுடைய இதய வால்வு 1990-ல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பன்றியின் பித்தப்பையிலிருந்து செய்த கோலிடெர்ம் என்ற, காயத்தின் மேல் போடும் சவ்வுக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது.

மற்ற இடங்களில்? பொறியியல் துறை ஒரு ஊரில், ஆபரேஷன் தியேட்டர் வேறு ஊரில். பதவி உயர்வுக்கு எண்ணுவது கட்டுரைகளை.

படிப்பு முடிகிற நேரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் என் ஸ்கேஃபோல்டைக் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “ஸ்க்ரூ போட்டால் தாங்குமாப்பா?” என்றார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. லேபுக்குத் திரும்பி வந்து ஒன்றில் ஸ்க்ரூ போட்டுப் பார்த்தேன். சாக்பீஸ் மாதிரி உடைந்தது.