மைனஸ் உலகம் யாரும் ஒளித்துவைத்தது அல்ல

1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் 'மைனஸ் 1' உலகத்தைத் தயாரிப்பாளர்களே ரகசியப் பரிசாக ஒளித்துவைத்தார்கள், நீந்தி முடித்தால் தனி முடிவுக்காட்சி வரும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அது நிரல் பிழை. 1-2 கட்டத்தின் (முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம்) இறுதியில், வெளியேறும் குழாய்க்கு மேலிருக்கும் செங்கற்களில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, குனிந்தபடி பின்பக்கமாகக் குதித்தால் மேரியோ சுவருக்குள் வழுக்கிக்கொண்டு அப்பால் போய்விடுவார். (எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.) அங்கே தாவல் குழாய்கள் (நேராக வேறு உலகங்களுக்குக் கொண்டுபோகும் குழாய்கள்) இருக்கும், ஆனால் அவற்றுக்குரிய எண்கள் இன்னும் ஏற்றப்பட்டிருக்காது. அதனால் 4-2 கட்டத்துக் குழாய்களின் எண்களே பயன்படும். அங்கே நடுக்குழாய்க்கு மட்டும்தான் 5 என்ற எண், இருபுறமும் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு நிரலில் உள்ள எண் 36. ஆக, ஓரக் குழாயில் இறங்கினால் நாம் நுழைவது 36-1. திரையில் 36-க்குப் பதில் வெற்றிடம் தெரிவதால் '-1' என்று படிக்கிறோம். மைனஸ் குறி என்று நாம் நினைப்பது வெறும் இணைப்புக்கோடு!

உள்ளே இருப்பதும் புதிதல்ல, 7-2 நீர்க்கட்டத்தின் நகல். கடைசிக் குழாயில் நுழைந்தால் தொடக்கத்துக்கே திரும்பிவிடுவோம், நேரமோ உயிர்களோ தீரும்வரை. முடிக்கக்கூடியது ஜப்பானில் வெளியான வட்டுப் பதிப்பில்தான். அதில் மூன்று கட்டங்கள் உண்டு.

வேண்டுமென்றே மறைத்த உலகம்தான் வேண்டுமென்றால், 1986-இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தின் 9-ஆம் உலகத்தைச் சொல்லுங்கள்.